நான் கட்டிவிட்ட இரண்டு உருமால்கள்

கண்ணு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நான்கு பக்கம். கோயமுத்தூர் மில்லுக்குப் போன இந்த ஆறு வருஷத்தில் நீ எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. ஒர்க்‌ஷாப்பில் உன்னை மேஸ்திரியாக உயர்த்தியபோதுகூட ஒரு கார்டில் மூன்று வரிதான் எழுதினாய். கோபம் வந்தால் உனக்குக் கை நன்றாக ஓடுகிறது. அது என்னிடமிருந்து வந்த குணம், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான்கு பக்கத்தையும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ எழுதிய இடத்தை மட்டும் தாண்டிப் படித்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "ஏனுங்க, பையங் கலியாணம் நடக்கோணுமுங்க. அது முடிஞ்சதுக்கப்புறம் நீங்க செயிலுக்குப் போறதுன்னாலும் போங்க, நான் ஒண்ணும் சொல்லுல" என்றாள். எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வேளைக்கு வருகிறது.

நீ என்னிடம் கேட்டிருப்பவை மூன்று. தாசில்தாருக்கு நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். காங்கேயத்தில் மேடை ஏறியது தெரியாமல் செய்த காரியம் என்றும், யுத்தம் கூடாதென்று பேசித் திரியும் அந்த வக்கீலுக்கும் எனக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டத்துக்கு நான் போகக் கூடாது. மூன்றாவது, நம் முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, கலெக்டர் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம், அதை எடுத்துக்கொண்டு தை மாசம் உன் கல்யாணத்துக்குக் காரமடை வர வேண்டும். உனக்கு மாமனாராகப் போகிறவர் பட்டாளத்துக்குக் கம்பளி அனுப்புகிறவர். கல்யாணத்துக்கு வரும் உத்தியோகஸ்தர்கள் கண்ணில் அந்தப் பத்திரம் பட்டால் நம் குடும்பத்தின்மேல் விழுந்த கறை போய்விடும் என்று அவரே சொன்னாராம். இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாராம்.

இந்த மூன்றில் எதையும் நான் செய்யப்போவதில்லை. ஏன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அதோடு, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய். எனக்கு நீ மூட்டிய கோபமெல்லாம் அதைப் படித்தவுடன் அடங்கிப் பயம் வந்துவிட்டது. அதற்கும் வருகிறேன். நிதானமாகப் படி. உறையை நான் ஒட்டவில்லை. போலீஸ்காரர் படித்தாலும் சரி, உன் மாமனார் படித்தாலும் சரி. இதற்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மேடையில் படிப்பதற்கு.

காங்கேயத்தில் நடந்ததை நீ யாரோ சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். யுத்தம் வந்துவிட்டது, நாமும் அதில் இருக்கிறோம் என்று நமக்குத் தெரியப்படுத்தினார்கள். இருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. மெட்ராஸில் மந்திரிகள் பதவியை விட்டு இறங்கினார்கள். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய வக்கீலும் ஊர் திரும்பி, சந்தை சந்தையாகப் போய், இது நம் சண்டை இல்லை, இதற்கு ஆளும் கொடுக்காதீர்கள் பணமும் கொடுக்காதீர்கள் என்று பேச ஆரம்பித்தார். சுற்று வட்டாரத்து மணியக்காரர்களுக்கெல்லாம் தாலுகாவிலிருந்து உத்தரவு வந்தது. கூட்டத்துக்குப் போய், உங்கள் ஊர் ஆட்களில் யார் யார் வந்தார்கள், யார் யார் கைதட்டினார்கள் என்று எழுதி அனுப்புங்கள் என்று. நானும் நோட்டும் பென்சிலுமாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அந்த வக்கீலைப் பற்றி உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். மாலை போட்டால் கழற்ற மனசு வராத ஆள். போன வருஷம் கட்சி ஆட்சியில் இருந்தபோது இதே தாசில்தார் பங்களாவில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்தான். அவர் பேச்சில் பாதி எனக்குப் பிடிக்காது, மீதி பாதி முன்பே கேட்டது. ஆனால் அன்றைக்கு நடுவில் நிறுத்தி ஒன்று கேட்டார். "போன சண்டைக்கு இந்தப் பக்கத்துலருந்து ஆள் அனுப்புனவங்க யாராச்சும் இங்க இருக்கறீங்களா? இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க, போனவன் எங்கீங்க?" பேச்சாளர்கள் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் நம் ஊர் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெறுப்பாகக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்டால் தெரிந்த ஆளைத்தானே பார்ப்பார்கள்.

நான் எழுந்துவிட்டேன். மேடைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. தலையில் கட்டியிருந்த உருமாலைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டு, "நான் அனுப்புனனுங்க. ரெண்டு பேரு. ரெண்டு பேருமே வருலீங்க" என்று மட்டும் சொன்னேன். சொன்னவுடன் இறங்கிவிட்டேன். கூட்டம் கைதட்டியது. வக்கீல் கீழே இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அருமையான பாயிண்டுங்க மணியாரே! அடுத்த கூட்டத்துல இன்னுங் கொஞ்சம் வெவரமாப் பேசிப்போடுங்க" என்றார். எனக்கு அந்த ஆளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஆனாலும் அவர் பக்கம்தான் நிற்கிறேன், கண்ணு. அவர் கேட்ட கேள்வியை இந்தப் பக்கத்தில் வேறு யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் மணியம் கையை விட்டுப் போயிற்று. இப்போது உன் ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் பார்க்கிறான்.

அந்த இரண்டு பேர் யார் என்று உனக்குப் பெயர் தெரியும். நம் பண்ணையத்தில் கட்டுத்தரை கூட்டி, சாணி அள்ளி, மாட்டுக்குத் தண்ணி காட்டும் நஞ்சியின் மகன்கள், ரங்கனும் சின்னானும். ஐந்து வயதில் உன் காலைக் கன்றுக்குட்டி மிதித்து வீங்கியபோது ஆமணக்கிலை வதக்கிக் கட்டினாளே, அதே நஞ்சி. பிள்ளைகள் பட்டாளத்தில் செத்துப்போனார்கள் என்பது வரைக்கும் ஊருக்கே தெரியும். அவர்களை நான் எப்படி அனுப்பினேன் என்பதில் பாதி ஊருக்குத் தெரியும். மீதி பாதி எனக்கு மட்டும்தான் தெரியும், இந்த வாரம் வரைக்கும்.

போன யுத்தத்தின்போது நீ தொட்டில் குழந்தை. என் அப்பா இறந்து மணியம் எனக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நம் சனத்தில் கல்யாணங்களை முன்நின்று நடத்திவைக்கும் அருமைக்காரர் என்ற மரியாதையும் சின்ன வயதிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை தலையில் உருமால் கட்டுவது என் வேலை. மடிப்பு கலையாமல் ஐந்தே சுற்றில் கட்டுவேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்து கூப்பிட்டுப் போவார்கள். அந்தத் துணியைத் தலையில் வைத்தால் ஒருவன் பையனாக இருந்தவன் ஊர் மதிக்கும் மனுஷனாகிவிடுகிறான் என்று நான் முழு மனசாக நம்பினேன்.

அந்த வருஷம் தாசில்தார் நம் ஊருக்கு வந்து முகாம் போட்டார், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க. ஒருவர்கூட வரவில்லை. கடல் தாண்டி, பெயர் தெரியாத ஊரில், யாருக்காகவோ சாக யார் வருவார்கள்? தாசில்தார் சாவடியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "உங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இல்லையா, மணியக்காரரே?" என்று கேட்டார். தம்பிக்குக் காலில் குறை என்று சொன்னேன். அந்த நேரத்தில் உன் சித்தப்பா இரண்டு சோடி மாட்டை வைத்துக் கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். அவர் பாடிய கவலைப் பாட்டு சாவடிக்கே கேட்டுக்கொண்டிருந்தது. தாசில்தார் சிரித்துக்கொண்டே, அடுத்த முகாமுக்கும் ஆள் இல்லையென்றால் மணியத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நஞ்சியின் சனங்கள் குடியிருக்கும் தெற்கு வளவிலிருந்து நம் தெருவுக்குள் நுழைகிற ஆண்கள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான், நீ பார்த்து வளர்ந்ததுதான். நான் வளவுக்கு ஆள் விட்டுச் சொன்னேன்: பட்டாளத்தில் சேருகிறவனுக்கு மணியக்காரரே சாவடி முன்னால், ஊர் பார்க்க, தன் கையால் உருமால் கட்டுவார். அவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டு முழக்கத்தோடு பெரிய தெரு வழியாக நடக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நம் ஆட்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரே நாள்தானே, அதற்கப்புறம் அவன் ஊரிலேயே இருக்கமாட்டானே என்று சமாதானம் சொன்னேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

ரங்கன் வந்தான். இருபது வயது இருக்கும். மாப்பிள்ளைக்குக் கட்டுகிற அதே ஐந்து சுற்று. என் விரல் அவன் நெற்றியில் பட்டபோது அவன் உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஜுரமா என்று கேட்டேன். "இல்லீங் சாமி" என்றான். பெரிய தெருவில் அவன் நடந்ததை வளவே கூடி நின்று பார்த்தது. நஞ்சி பின்னாலேயே ஓடி வந்தாள், அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது அவளுக்கு. அவன் தம்பி சின்னான் அப்போது மீசை அரும்பாத பையன். அண்ணன் தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எட்டு மாசம் கழித்துத் தாலுகா சேவகன் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். ரங்கன் பஸ்ராவுக்குப் பக்கத்தில் இறந்துவிட்டான், குடும்பத்தாருக்குத் தெரிவித்துக் கைரேகை வாங்கி அனுப்பவும் என்று இரண்டே வரி. அடுத்த முகாமுக்குப் பதினோரு நாள் இருந்தது. வளவில் சாவு என்று தெரிந்தால் ஒருவனும் வரமாட்டான். நான் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். முகாம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று. இவ்வளவுதான் நான் செய்தது. கத்தி எடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஒரு தாளை மடித்து வைத்தேன்.

அந்தப் பதினோரு நாளும் நஞ்சி வழக்கம்போலக் காலையில் கட்டுத்தரைக்கு வந்தாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்பாள், "பெரியவங்கிட்டருந்து தாளு ஏதாச்சும் வந்துதுங்களா சாமி?" கப்பலில் வர நாளாகும் என்று சொல்வேன். ஒரு நாள் அவள், அவனுக்குப் புளிப்பில்லாமல் கம்மங்கூழ் இறங்காது, அங்கே கம்பு விளையுமா என்று கேட்டாள். விளையும் என்றேன். முகாம் நாளன்று சாவடிக்குச் சின்னான் வந்து நின்றான். வயது பத்தாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது பொய்கூட இல்லை. தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் துணியைக் கையில் எடுத்தேன். கட்டும்போது அவன் மெதுவாக, "அண்ணன் இருக்கற பட்டாளத்துலயே என்னையும் போடச் சொல்லுவீங்களா சாமி?" என்று கேட்டான். பார்க்கலாம் என்று சொன்னேன். கண்ணு, நான் அப்படித்தான் சொன்னேன்.

அவனை ஏற்றிக்கொண்டு போன மறுநாள் நஞ்சியைக் கூப்பிட்டு, இன்றைக்குத்தான் வந்தது என்று சொல்லி அந்தத் தாளைக் காட்டினேன். அவள் மண்ணில் விழுந்து புரண்டதை நான் எழுதப்போவதில்லை. எழுந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "சின்னவனத் திருப்பிக் கூட்டியாந்துருங்க சாமி. அவனுக்குத் தெரியாமப் போயிருச்சுங்க. தெரிஞ்சிருந்தாப் போயிருக்க மாட்டானுங்க." ரேகை வைத்தாகிவிட்டது, இனி சர்க்கார் விடாது என்று சொன்னேன். அடுத்த மழைக்குள் இரண்டாவது தாளும் வந்தது. காய்ச்சலில் போய்விட்டான், சண்டையைப் பார்த்தானோ இல்லையோ தெரியாது. அந்தத் தாளை வந்த நாழிகையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் மட்டும் எனக்கு அவ்வளவு அவசரம்.

கலெக்டரின் நற்சாட்சிப் பத்திரம் அதற்குப் பிறகு வந்ததுதான். ராஜவிசுவாசமும் ஊக்கமும் உள்ள மணியக்காரர் என்று அச்சடித்து, கீழே முத்திரை. பொங்கலுக்குப் பொங்கல் நீ முக்காலி போட்டு ஏறி அந்தக் கண்ணாடியைத் துடைப்பாய். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களைக் கூட்டிவந்து காட்டுவாய். நான் ஒன்றும் சொன்னதில்லை. அதன் பின்பலகைக்கும் பத்திரத்துக்கும் நடுவில் அந்த இரண்டு தாளும் இருக்கின்றன. கைரேகை வாங்கி அனுப்பியது நகல்கள், அசலை நான் வைத்துக்கொண்டேன். ஏன் அங்கே வைத்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. எரிக்கவும் முடியவில்லை, கண்ணில் படும்படி வைக்கவும் முடியவில்லை. அதற்கப்புறம் நான் யாருக்கும் உருமால் கட்டவில்லை. மணிக்கட்டில் வலி என்று சொல்லி அருமைக்காரர் வேலையை விட்டேன். உன் அம்மா இருபது வருஷமாக அந்த மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். அதில் ஒரு வலியும் கிடையாது.

நீ எழுதியிருந்தாய், ஜெர்மனிக்காரன் கொடியவன், அவன் ஜெயித்தால் உலகம் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா, மேடையில் கத்துகிற வக்கீலுக்கு அது புரியுமா என்று. நியாயமான கேள்வி. ஜெர்மனிக்காரன் நல்லவன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நீ மில்லில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறாய், உனக்கு என்னைவிட அதிகம் தெரியும். வக்கீலிடமே இதைக் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கும் திருப்தியாக இல்லை. ஆனால் உலகத்தைக் காப்பாற்ற யார் போவது என்று முடிவு செய்கிற இடத்தில் நான் ஒரு தடவை இருந்திருக்கிறேன். அங்கே உலகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எத்தனை பேர் என்றுதான் பேசினோம். கொடுக்கிறவன் ஒருவன், போகிறவன் வேறொருவன். போகிறவனிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அப்படி ஆள் சேர்க்கும் சண்டை எதுவானாலும் அதற்கு என் கையால் இனி ஒரு துரும்பும் போகாது.

இப்போது உன் கடைசிப் பக்கம். மில் மானேஜர் உன்னை அழைத்து, பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்க ஆள் வேண்டும், ஒர்க்‌ஷாப்பிலிருந்து நாலு பேர் லிஸ்ட் கொடு என்றாராம். சனிக்கிழமை லிஸ்ட் போகிறதாம். மூன்று பேரைப் பேசிச் சரிக்கட்டிவிட்டாயாம், நாலாவது நம் வேலனாம். வேலன் நஞ்சியின் மகள் பெற்ற பையன். மகளும் போய்ச்சேர்ந்த பிறகு அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே உயிர். நீதான் அவனை மில்லில் சேர்த்துவிட்டாய். அதற்காக நான் உன்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அவன் முதலில் தயங்கினான் என்றும், நீ சொன்ன பிறகு சம்மதித்தான் என்றும் எழுதியிருக்கிறாய். நீ சொன்னது என்ன? "யூனிபாரமும் பூட்ஸும் போட்டு அவன் நம் ஊர்ப் பெரிய தெருவில் நடக்கலாம் அப்பா, எவனும் தடுக்க முடியாது."

நல்ல மனசோடுதான் இதை எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தத் தெருவில் பூட்ஸ் போட்டு நடக்க அவன் ஏன் பட்டாளத்துக்குப் போக வேண்டும்? தடுக்கிறது யார்? நாம். தடுத்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டி, இதைத் தருகிறேன், உயிரைக் கொடு என்று கேட்டேன் நான். உனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, நான் செய்தது உனக்குத் தெரியவும் தெரியாது. நீயாகவே யோசித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறாய். உன் எழுத்தில் என் யோசனையையே பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வளவுக்குப் போனேன். ஐம்பத்து மூன்று வயதில், நஞ்சியின் வாசலில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் பருத்திக் காயிலிருந்து பஞ்செடுத்துக்கொண்டிருந்தாள். பதறி எழுந்து ஒரு சாக்கை உதறிப் போட்டாள். நான் உட்கார்ந்தேன், அவள் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தாள் வந்த நாள், மடித்து வைத்தது, சின்னான் கேட்டது, நான் சொன்னது. அவள் கை மட்டும் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

"எத்தன நாளுங்க?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அந்த நாள்ல ஒருக்கா சின்னவஞ் சட்டிச் சோத்த எத்திப்போட்டானுங்க, பட்டாளத்துக்கு உடமாட்டீங்கறயேன்னு. நான் வெளக்கமாத்தால அடிச்சுப்போட்டேன். போறதுன்னாப் போய்த் தொலைன்னு சொல்லிப்போட்டனுங்க. நாஞ் சொன்னதுனாலதான் போனான்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருக்கறனுங்க, சாமி."

நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் தீ சுட்டதுபோல் பின்னால் நகர்ந்தாள். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் கோபத்தைக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்குங்க வந்து சொல்றீங்க? உருமாலு கட்டுனது ஊரு முன்னாலதானுங்களே? இதையும் அங்கயே சொல்லுங்க." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலன் பெயர் லிஸ்டில் இருப்பதைச் சொன்னேன். அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். எந்த நாள் என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். இந்தத் தடவை ஒரு நாளைக்கூட மறைக்கவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வக்கீலுக்காகப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரை அதற்குள் பிடித்துக்கொண்டு போனாலும் போவார்கள், அப்போதும் நான் போவேன். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றியாகிவிட்டது. பத்திரம் பரணில் கிடக்கிறது. இரண்டு தாளையும் மேடையில் படித்து, பதினோரு நாள் என்ன செய்தேன் என்று சொல்வேன். அங்கேயே என்னையும் பிடித்துக்கொள்வார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. சிறையில் வாத உடம்புக்கு என்ன செய்வது என்று நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணம் நின்றுபோனால் அது என்னால்தான். அதில் உன்மேல் ஒரு தப்பும் இல்லை, பெண்ணின்மேலும் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நீ பஸ்ஸில் சும்மா சும்மா சிரித்துக்கொண்டு வந்தது எனக்கு மறக்கவில்லை. அதைக் கெடுக்கிறோமே என்று மனசு ரொம்ப வலிக்கிறது. முடிந்தால் அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று ஒரு தடவை கேட்டுப் பார், அவள் அப்பாவைக் கேட்பதற்கு முன்னால். கல்யாணம் நடந்தால் உருமாலை உன் தாய்மாமன் பார்த்து யாரையாவது கட்டச் சொல்லட்டும். உனக்கென்று நான் வாங்கிய துணி அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. நான் வெளியில் இருந்தாலும் என் கை அதைத் தொடாது.

லிஸ்டில் வேலன் பெயரை அடித்துவிடு. மற்ற மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்து, உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி, இந்தக் கடிதத்தையும் படித்துக் காட்டி, பிறகு கேள். அதற்கப்புறமும் போகிறேன் என்கிறவன் போகட்டும், அது அவன் முடிவு. மேஸ்திரி வேலை போகும் என்று மிரட்டினால் போகட்டும். எனக்கு ஒரு மணியம் மிஞ்சியது, அதை வைத்துக்கொண்டு இருபது வருஷம் நான் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நஞ்சியே எடுத்துக்கொண்டு வருகிறாள். நானே போறனுங்க, குடுங்க என்று வாங்கிக்கொண்டாள். நீ இந்த வரியைப் படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பாள். உட்காரச் சொல். உட்காரமாட்டாள், மறுபடியும் சொல். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தாளை மடித்து வைக்காதே, கண்ணு. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லாதே. நிமிர்ந்து அவளுக்குப் பதில் சொல்.

அப்பா